அண்டாவில் வைத்த கடல் தண்ணீர்

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. அடியில் குண்டு, மேலே மெல்லிய கழுத்து, கழுத்துக்குள் அளவுக் கோடுகள். பால்மானி என்பார்கள். எங்கள் பெரியப்பா அப்படி ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதில் ஒரு கோட்டின்மேல் சிவப்பு நகப்பூச்சு தீற்றியிருக்கும். நல்ல பால் எது, தண்ணீர்ப் பால் எது என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது. அது பெரியம்மாவின் இலாகா. அவர் அந்தக் குழாயை மிதக்கவிட்டது கடல் தண்ணீரில். சிவப்புக் கோடுவரை அமிழ்ந்தால் உப்பு சரியாக இருக்கிறது. கோடு தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் தொட்டி வற்றி உப்பு ஏறிவிட்டது, கொஞ்சம் மழைத் தண்ணீர் விட வேண்டும். தினமும் காலையில் ஆபீசுக்கு மின்சார ரயில் பிடிக்க ஓடுவதற்கு முன்னால், நெற்றி தண்ணீரில் படும் அளவுக்குக் குனிந்து அந்தக் கோட்டைப் பார்ப்பார். பைபிளைக்கூட அவர் அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் படித்து நான் பார்த்ததில்லை.

நகப்பூச்சு என்னுடையது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கோட்டில் வைத்தவன் அண்ணன், பெரியப்பாவின் ஒரே மகன். எழுபதுகளின் தொடக்கம் அது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும், அந்தப் பக்கம் அவர்கள் மூன்று பேரும் இருந்தோம். என் அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டதால் எனக்கு அப்பாவும் பெரியப்பாதான். நான் படிப்பு முடித்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அண்ணன் விலங்கியலில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தான். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்று சட்டம் முழுக்கத் தார் பூசி, மூன்றடி நீளத்துக்கு ஒரு தொட்டியை அவனே செய்தான். அதற்குள் கடலை வைத்தான். உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட விரல் நீள மஞ்சள் மீன்கள் இரண்டு. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று. பாறைத்துண்டில் ஒட்டிக்கொண்டு பூவாக விரியும் கடல் சாமந்தி ஒன்று. அவ்வளவுதான். இன்னும் நாலு மீன் விட்டால் அழகாக இருக்குமே என்று யார் கேட்டாலும், "உங்க வீட்டுக்கு நாப்பது பேர் விருந்துக்கு வந்து திரும்பிப் போகவே இல்லன்னா எப்படி இருக்கும்?" என்பான்.

கடைசியாக அவன் கொண்டுவந்தது அந்த இரண்டு மீன்களைத்தான். அடுத்த வாரம் தண்ணீர் எடுக்கக் கோவளம் போனவனைப் பாறை மேலிருந்து அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் மீனவர்கள் கரை சேர்த்தார்கள். அதைப்பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா சொன்ன முதல் வார்த்தை அந்தத் தொட்டியைப் பற்றித்தான். "அந்தத் தண்ணிய என் கண்ணு முன்னால வெக்காதீங்க. அதெல்லாம் செத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். அதுவரை பெரியப்பா தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்தவரில்லை, படிக்கிற பையனுக்கு இது என்ன வேண்டாத வேலை என்று முணுமுணுத்தவர்தான். கல்லறையிலிருந்து வந்த அதே கால்சட்டையோடு தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தார். "அவன் கையால கொண்டாந்து விட்ட உசுரு. என் கண்ணு இருக்கிற வரைக்கும் இது சாகக் கூடாது" என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து அந்த நாலு உயிர்களைக் காப்பாற்றுவது ஒன்றே அவருடைய வேலையாகிவிட்டது.

அண்ணன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தான். அதைப் பார்த்துத்தான் எல்லாம் கற்றுக்கொண்டார். கரைத் தண்ணீர் கலங்கல், ஆழத்தில் எடுத்தது வேண்டும். எடுத்ததை உடனே விடக்கூடாது; துணியில் வடிகட்டிப் பதினைந்து நாள் மூடி இருட்டில் வைக்க வேண்டும். தொட்டியில் கால்பங்கை மொண்டு ஊற்றிவிட்டு அதே அளவு புதுத் தண்ணீர் விட வேண்டும். தின்ற மிச்சம் ஒரு துணுக்கும் உள்ளே கிடக்கக் கூடாது. அடியில் இருக்கும் மணல்தான் தொட்டிக்கு ஈரல், அதை அலசிப் பளபளப்பாக்குகிறேன் என்று எந்த மகராசியும் கிளம்ப வேண்டாம். கடைசி வரியை அவன் எனக்காகத்தான் எழுதியிருக்கிறான் என்று நினைக்கிறேன். எதையாவது தேய்த்துக் கழுவிக்கொண்டே இருப்பது என் சுபாவம். கரண்ட் போய்க் காற்று மோட்டார் நின்றுவிட்டால், பெரியப்பா டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றுவார், காபி ஆற்றுகிற மாதிரி. கரண்ட் வரும்வரை கை ஓயாது.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் இரண்டு பெரிய பிளாஸ்டிக் கேன்களோடு பஸ் பிடித்துக் கோவளம் போவார். கேளம்பாக்கத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். கட்டுமரக்காரர் ஒருவர் ஆழத்தில் கேன்களை நிரப்பிக் கொண்டுவந்து கொடுப்பார். மகனைக் கொண்டுபோன பாறை கண்ணெதிரே இருக்க, இவர் மணலில் நின்று காத்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். திரும்பும்போது பஸ் கண்டக்டர், "இன்னா சார், கடலையே தூக்கினு போறியா?" என்று கிண்டலாகக் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். "ஆமாம்பா, எம்புள்ள பாக்கி வெச்சிட்டுப் போயிட்டான்" என்றார். கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரியம்மா ஆரம்பத்தில் தொட்டி இருந்த அறைப்பக்கமே போகவில்லை. ஆறேழு மாதம் அப்படிப் போயிற்று. ஒருநாள் மத்தியானம் காபித்தூள் வாங்கப் பின்வாசல் வழியாகப் போனேன். பெரியம்மா தொட்டி முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, துடைப்பக் குச்சி நுனியில் இறால் துணுக்கைக் குத்திக் கடல் சாமந்திக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். "மெதுவா, மெதுவா. யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்று அதனோடு பேச்சு வேறு. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுப்போய், "அவருகிட்டச் சொல்லாத" என்றார். சரியென்று தலையாட்டினேன். அன்றைக்கு அதை நான் சொல்லித் தொலைத்திருக்க வேண்டும்.

மறு வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோயிலில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பதற்கு முந்தின வாரத்தில், பெரியப்பா தண்ணீர் வைக்கும் பெரிய பீங்கான் ஜாடி விரிசல் விட்டுவிட்டது. அம்மா அழைப்பு வைக்க ஊருக்குப் போயிருந்தார். நான்தான் ஓடிப்போய் எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவை எடுத்து வந்தேன். அண்ணனுடைய மீன்களுக்கு வீட்டிலேயே நல்ல பாத்திரம் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. புளியும் சாம்பலும் போட்டு அரைமணி நேரம் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. "எம்பொண்ணுன்னா எம்பொண்ணுதான்" என்றார் பெரியப்பா. உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்துபோன அண்டா அது. அதில் புளி கரைக்கக் கூடாது, மோர் ஊற்றக் கூடாது, களிம்பு ஏறிவிடும் என்பது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் அதெல்லாம் சமையலுக்கான சட்டம். கடல் தண்ணீரை யார் குடிக்கப் போகிறார்கள்? பதினைந்து நாள் அந்த உப்புத்தண்ணீர் மூடிய அண்டாவில் இருட்டில் நின்றது.

புதுத் தண்ணீர் விட்ட அன்று சாயங்காலமே நண்டு சங்கை விட்டு வெளியே வந்து, மெத்தென்ற வயிறு தெரிய மணலில் கிடந்தது. மறுநாள் கடல் சாமந்தி சுருங்கிச் சளிக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பெரியப்பா ஆபீசுக்கு லீவு போட்டார். தண்ணீர் கெட்டுவிட்டது, நல்ல தண்ணீர் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அண்டாவில் மிச்சமிருந்ததை எல்லாம் மொண்டு ஊற்றினார். நானும் கூட நின்று ஊற்றினேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டு மீன்களும் பக்கவாட்டில் மிதந்தன.

அவர் அழவில்லை. அடுப்படி வாசலில் போய் நின்று, "என்ன ஊத்தின?" என்று கேட்டார். பெரியம்மாவுக்குப் புரியவில்லை. "இதெல்லாம் செத்தாத்தான் நிம்மதின்னு சொன்னியே, இப்ப நிம்மதியா? எம்புள்ளயக் கடல் ஒருதரம் கொன்னுச்சு, ரெண்டாம் தரம் நீ கொன்னுட்டியே" என்றார். "நான் ஒண்ணும் பண்ணலைங்க, சத்தியமா ஒண்ணும் பண்ணல" என்று பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் நடுவில் விழுந்து, பெரியம்மா அதுகளுக்குத் தீனி ஊட்டியதை என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். "தீனியிலதான் விஷம் வெச்சாளா?" என்று திருப்பிக் கேட்டார். அதோடு அவர் மனைவியுடன் பேசுவதை நிறுத்தினார்.

அந்தச் சனிக்கிழமை ஊரிலிருந்து வந்த அம்மா அண்டாவைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினார். "இதுல என்னடி வெச்ச? உள்ளல்லாம் பச்சப் பசேல்னு களிம்பு ஏறிக் கெடக்கு. மனுஷன் சாப்பிட்டா செத்துருவாண்டி." மீன்களைக் கொன்றது பெரியம்மா இல்லை, நான் கொண்டுபோய் வைத்த அண்டா. சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்ல இருபது அடிதான் நடக்க வேண்டும். நடக்கவில்லை. அப்பா இல்லாத பெண் நான். கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு அழைத்துப்போகிறவர் பெரியப்பா ஒருவர்தான். கல்யாணம் முடியட்டும் என்று நினைத்துக்கொண்டு அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்தன்று பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் பீடத்துக்குப் போனேன். பெரியம்மா முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

பிரசவத்துக்கு வந்தபோதுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் சொல்லி அழுதேன். அரிவாள்மணை நிற்கவில்லை. "அது அப்பவே தெரியும். அண்டாவ உங்க வீட்டுல திருப்பிக் கொண்டுபோய் வெச்சது நான்தான? எனக்குக் கண்ணு இல்லியா?" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா உன் கல்யாணத்துக்கு அவரு வந்திருப்பாரா?" இப்போது நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேணாம்மா. கோவப்பட அவருக்கு யாராவது வேணும். கடல் மேல எத்தன நாளைக்குக் கோவப்படுவாரு? நான் பக்கத்துலயே இருக்கேன், என் மேலயே படட்டும்." இதைச் சொல்லிவிட்டு, எனக்கு அவரைக்காய்ப் பொரியலில் தேங்காய் தூக்கலாக வேண்டுமா என்று கேட்டார். அந்த வார்த்தையை நான் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். பெரியம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு ஊருக்குப் போனேன்.

ஒரே வீட்டில் ஆறு வருஷம். தட்டில் சோறு வரும், தின்றுவிட்டு எழுந்து போவார். ஏதாவது தேவையென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். ஆறாம் வருஷம் பெரியம்மாவுக்கு மார்வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். அந்த வண்டியிலும் பெரியப்பா வாய் திறக்கவில்லை என்று அம்மா சொன்னார்.

இப்போது என் மகள் நாவலூரில் பதினோராம் மாடியில் இருக்கிறாள். மருமகன் கூடத்தில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறார். உப்பு பாக்கெட்டில் வருகிறது. மீன்களுக்குப் பாட்டிலில் ஒரு மருந்து விடுவதற்கு முன்னால், "இதுல காப்பர் இருக்கு ஆன்ட்டி. ஒரு சொட்டு கூடினாப் போச்சு, நண்டு, அனிமோன் ஒண்ணும் தங்காது" என்று எனக்கு விளக்குகிறார். கடல் சாமந்தியைத்தான் அனிமோன் என்கிறார்; பித்தளையில் இருப்பதும் அந்தக் காப்பர்தான். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

பெரியப்பாவிடம் நான் சொன்னது, பெரியம்மாவை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்து. காலியான வீட்டில் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, அண்டா, புளி, களிம்பு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். ஒன்றே ஒன்று கேட்டார். "அவளுக்குத் தெரியுமா?" இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், பொய் சொல்லிப் பழகியவள்தானே நான். "தெரியும் பெரியப்பா" என்றேன். அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசல்வரை நடந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "ஏம்மா... இங்க பாரு... உன்னத்தான்" என்று கூப்பிட்டார். பதில் வருவதற்கு இடம் விட்டுவிட்டு, திரும்பவும் கூப்பிட்டார். அந்தக் குரல் கேட்க வேண்டியவர் ஆறு வருஷமாக அந்த அடுப்படியில்தான் நின்றுகொண்டிருந்தார். அத்தனை நாளும் நான் வாயைத் திறக்கவில்லை.