ஹெட்போனுக்கு வெளியே கேட்ட தட்டல்

முற்பகல் 11.20. ஜன்னல் கம்பிக்கு வெளியே பக்கத்து குவார்ட்டர்ஸ் செல்வியின் வாய் அசைவதைத்தான் முதலில் பார்த்தேன்.

நைட் ஷிப்ட் முடித்த கணவர் உள்ளறையில் தூங்குவதால், பகலில் ஹெட்போன் மாட்டித்தான் டிவி பார்ப்பேன். புது ஹெட்போனில் நாலு பக்கமிருந்தும் சத்தம் வரும். அதனால் முதுகுப் பக்கம் கதவு தட்டப்படுவது சீரியலில்தான் என்று நினைத்திருந்தேன். கழற்றினேன்.

“எவ்ளோ நேரமா தட்டிக்கினு இருக்கேன், காதுக்கு மூடியா போட்டு வெச்சிருக்கீங்க? ஒங்க வூட்ல கேஸ் நாத்தம் வருதுக்கா!”

பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. சிலிண்டரை மூடிவிட்டு உள்ளறைக்கு ஓடினேன். தட்டிய சத்தத்தில் கணவர் விழித்து உட்கார்ந்திருந்தார்.

இப்போது ஒரு காதைத் திறந்தே வைக்கிறேன். அடுப்பு எரியும்போது டிவி போடுவதில்லை.

அன்று அவர் வாயில் பீடியும் கையில் தீப்பெட்டியும் இருந்தன.