திரைக்குப் பின்னால் செட்ரிக்

நம்பினால் நம்புங்கள். வில்ஃப் ஹார்க்கர் சாகும்வரை இதை மூன்றே பேரிடம்தான் சொன்னான். மூன்று முறையும் ஒரு நிமிடம்கூட முன்னே பின்னே மாறவில்லை.

1944 பிப்ரவரி. பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமொன்றில் அவன் ரேடியோக்காரன். ஜெர்மனியில் குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, சரியாக அதிகாலை 2.10க்கு, விமானத்தின் அடியில் பீரங்கிக் குண்டு வெடித்தது. ரேடியோ செத்தது. திசைகாட்டி தாறுமாறாகச் சுற்றியது. கீழே முழுக்க மேகம். எங்கே பறக்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

செட்ரிக்கைத் தவிர. வழி கணித்துச் சொல்பவன் அவன். கறுப்புத் திரைக்குப் பின்னால் அவன் இடம். விமானத்துக்குள் ஒருவரோடொருவர் பேசும் ஹெட்போன் மட்டும் வேலை செய்தது; அதில் அவன் குரல் நிதானமாக வந்தது.

"இடப்பக்கம் பத்து டிகிரி."

"டேய் செட்ரிக், வீட்டுக்குத்தானே போறோம்? இல்ல, மாமியார் வீட்டுக்கா?" பைக் என்ற வால்பக்கத் துப்பாக்கிக்காரன் கேட்டான்.

பைக் என்ன சொன்னாலும் சிரிப்பவன் செட்ரிக். இப்போது சிரிக்கவில்லை.

3.25. வில்ஃப் ஒன்றைக் கவனித்தான். ஆக்சிஜன் முகமூடிக்குள் பேசினால் மூச்சும் சேர்ந்து கேட்கும். புஸ்... புஸ்... எல்லோருடைய மூச்சும் கேட்டது.

செட்ரிக்கின் மூச்சு மட்டும் கேட்கவில்லை.

4.50. "பெட்ரோல் தீருது! கரை எங்கடா? சொல்லித் தொலை!" பைலட் ட்யூசன் கத்தினான்.

"நேரா போ."

வில்ஃப் திரையை விலக்கினான். இருட்டில் முதுகு தெரிந்தது. தோளைத் தொட்டான். கல் மாதிரி...

"உன் இடத்துல போய் உட்காரு, வில்ஃப்."

குரல் ஹெட்போனில்தான் வந்தது. முன்னாலிருந்த தலை அசையவில்லை.

போய் உட்கார்ந்தான். 

5.41. இன்ஜின்கள் நின்றன. மேகம் விலகியது. கடல் இல்லை... சேறு. ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த ஹாலந்தின் கரை. விமானம் வயிற்றால் உரசிக்கொண்டே போய் நின்றது.

கரைமேட்டில் ஜெர்மன் சிப்பாய்கள் காத்திருந்தார்கள். விமானத்திலிருந்து இறங்கிய ஆறு பேரும் கைகளைத் தூக்கினார்கள்.

"உள்ள இன்னொருத்தன் இருக்கான்! காப்பாத்துங்கய்யா!" வில்ஃப் சேற்றில் மண்டியிட்டுக் கெஞ்சினான்.

இரண்டு நாள் கழித்து, விசாரணை அறை.

"உங்க செட்ரிக் தொண்டையில குண்டுச் சிதறல். நாங்க எடுக்கும்போதே விறைச்சிருந்தான். அப்பவே செத்து மூணு மணி நேரத்துக்கு மேல ஆகியிருந்துச்சுன்னு டாக்டர் சொல்றார்," என்றான் ஜெர்மன் அதிகாரி.

பிறகு செட்ரிக்கின் பயணக் குறிப்பேட்டை மேசையில் தள்ளினான்.

"அப்ப இதை எழுதினது யாரு?"

செட்ரிக்கின் கையெழுத்தேதான். 2.10க்குப் பிறகு பதினான்கு வரிகள்.

கடைசி வரி:

'5.41. தரை. உயிரோடு ஆறு பேர்.'