கன்னத்தை நம்பாதே

எங்கள் வார்டு ஜன்னலில் கடல் தெரியும். பிற்பகலில் தண்ணீரில் பட்ட வெயில் கூரையில் வந்து அசையும். பிள்ளைகள் அதைப் பார்த்தபடியே கண்ணயர்வார்கள். அந்த அரைத்தூக்க நேரத்தில்தான் நான் ரவுண்ட் போவேன். நான் டயட்டீஷியன், ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் சாப்பாட்டைக் கவனிப்பது என் வேலை. அம்மாக்களுக்கோ நான் 'மிஸ்ஸி'. நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

தீவின் மறுகோடியில் உள்ள பாலிக் புலாவிலிருந்து வந்த தர்ஷினிக்கு ஏழு வயது. அன்று போட வேண்டிய கீமோவை டாக்டர் தள்ளி வைத்துவிட்டார். "பிள்ளை ரொம்ப வீக். இப்ப மருந்து ஏத்தினா தாங்காது." மருந்து தள்ளத் தள்ள நோய்க்குத்தான் கொண்டாட்டம்.

அவள் அம்மா சரசு நம்பவே இல்லை. "என்னா மிஸ்ஸி, வீக்குன்னு சொல்றாங்க? கன்னத்தைப் பாருங்க, ஆவியில வெந்த பாவ் பன்னு மாதிரி இருக்கு லா!"

இருந்தது. ஸ்டீராய்டு கொடுத்தால் முகம் அப்படித்தான் உப்பும்.

தர்ஷினி பாதிக் கண் திறந்தாள். "ஆன்ட்டி, கனவுல பொரிச்ச மீன் பறந்து வந்துச்சு. வாயத் தொறந்தேன். ஜன்னல் வழியா போயிருச்சு."

போன முறை கனவில் மீகோரெங் நூடுல்ஸ் மழை. அதுவும் அவள் தட்டில் மட்டும் விழவில்லை. எனக்கு என்னவோ உறுத்தியது. டேப்பை எடுத்து மேல்கையை அளந்தேன். அளவு ரொம்பக் குறைவு.

"கன்னத்தை விடுங்கக்கா. கையைப் பிடிச்சுப் பாருங்க."

சரசு பிடித்தாள். விரல்கள் சுற்றி வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அப்படியே அழுதுவிட்டாள்.

"வந்தவங்க எல்லாம் 'குண்டாயிட்டா'ன்னு சொன்னாங்க மிஸ்ஸி. கண்ணு பட்டுருமேன்னு சுத்திப் போட்டேன். சோத்தையும் கொறைச்சிட்டேன். பசிக்குதுன்னு அழுவா. மருந்தால வர்ற பசிதானேன்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்று வரவில்லை. பிள்ளையைக் காப்பாற்றத்தானே பட்டினி போட்டிருக்கிறாள், யாரைத் திட்டுவது?

"சுத்திப் போடுறதைத் தாராளமாப் போடுங்க. சோத்தையும் போடுங்க," என்றேன்.

நன்றாக வேகவைத்த முட்டை, மீன், கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். கையில் சதை பிடித்தது. கீமோ மறுபடி தொடங்கியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கன்னத்தை நம்பாதீர்கள், கையை அளந்து பாருங்கள். அப்படியே கனவையும் கேளுங்கள்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிய அந்தப் பிற்பகலில் நானும் தர்ஷினியிடம் கனவைக் கேட்டேன்.

"ஃபெரி ஓட்டினேன் ஆன்ட்டி. மீனெல்லாம் பக்கத்துலயே நீந்தி வந்துச்சு."

"பிடிச்சுத் தின்னியா?"

"சே! அதெல்லாம் என் பிரெண்ட்ஸ்."