மலைக்கு ஏற்ற ஹெட்போன்

போன வாரம் கொல்லிமலையில் எங்கள் ஊரான வாழவந்தி நாட்டு டீக்கடையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். தலையில் புது ஹெட்போன், காதில் புல்லாங்குழல். எதிர் பெஞ்சில் சென்னையிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒருவர். ஹெட்போனைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார்.

"இவ்ளோ அழகான ஊர்ல இருந்துக்கிட்டு ஹெட்போன் எதுக்கு மேடம்? குயில் கூவுது பாருங்க. இயற்கையைக் கேளுங்க."

சொல்லிவிட்டு, தன் இரண்டு காதிலும் இயர்பட்ஸை அழுத்திச் செருகிக்கொண்டார். அது எதற்காம்?

இந்த உபதேசம் எனக்குப் புதிதில்லை. மலையில் பிறந்தவள் குயிலோடும் அருவியோடும் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும்... நல்ல சங்கீதமெல்லாம் கீழே இருப்பவர்களுக்கு. யார் போட்ட சட்டம் இது? குயிலை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். அதற்கு ஒரே பாட்டுதான் தெரியும்.

ஹெட்போன் வாங்க நாமக்கல் போனபோதும் இதே கதைதான். கடைக்காரத் தம்பி நல்ல டப்பா ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "எந்த ஊருங்க்கா?" என்றார். "கொல்லிமலை" என்றேன். டப்பா மறுபடி அலமாரிக்குள் போய்விட்டது. மலிவாக வேறொன்று வந்தது.

"மலைக்கு இது போதுமுங்க்கா. பேஸ் சும்மா அதிரும்."

சுருக்கென்றது. பகலெல்லாம் மிளகுக் கொடியோடும் மரவள்ளியோடும் மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் எனக்கென்று இருப்பது அந்த ஒரு மணி நேரப் பாட்டுதான். அதில் எனக்கு எது போதும் என்று இவர் எப்படி முடிவு செய்யலாம்?

"மொதல்ல எடுத்தீங்களே, அதையும் குடுங்க தம்பி. ரெண்டையும் கேட்டுட்டுத்தான் எந்திரிப்பேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் ஒரு குத்துப்பாட்டை ஓடவிட்டார். அதற்கு எந்த ஹெட்போனும் போதும்! என் போனிலிருந்த புல்லாங்குழலை வைத்தேன். மலிவானதில் மிருதங்கம் மட்டும் தொம் தொம்மென்று இடித்தது. நல்லதில்... குழல்காரர் ஊதுவதற்கு முன் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக இது எனக்குக் கேட்காமலே இருந்ததா?

தம்பி உடனே கட்சி மாறினார். "அப்ப இதப் பாருங்க்கா. இன்னும் ஒசத்தி. வெளிச் சத்தம் துளிகூட உள்ள வராது."

அதுதான் எனக்கு ஆகாது. எங்கள் ஊரில் பஸ்ஸுக்குக் கடிகாரம் பார்ப்பவர் யாருமில்லை. கீழ் வளைவில் ஹாரன் கேட்டதும் ரோட்டோரம் வந்து நிற்க வேண்டும். ஆள் நின்றால்தான் பஸ் நிற்கும். தங்கை மகளிடம் அப்படியொரு ஹெட்போனை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, பஸ்ஸைக் கோட்டை விட்டவள் நான். முதல் டப்பாவோ வெளிச் சத்தத்தையும் கொஞ்சம் உள்ளே விடுகிற ரகம். அதையே வாங்கினேன்.

டீக்கடைக்கு வருவோம். குழலுக்கு நடுவே ஹாரன் கேட்டது. எழுந்தேன். சென்னைக்காரர் அசையவில்லை. விட்டுவிட்டுப் போகலாமா என்றுகூடத் தோன்றியது... மனசு வரவில்லை. தோளைத் தட்டினேன்.

"பஸ் வருதுங்க. ஹாரன் அடிச்சாங்க, உங்களுக்குக் கேக்கல போல."

ஓடி வந்து ஏறி, மூச்சு வாங்க என் பின் சீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டார்: "அது நல்ல ஹெட்போன் மாதிரி தெரியுதே மேடம்?"

"ஆமாங்க. மலைக்கு இதுக்குக் கொறஞ்சா போதாதுங்க."