மூன்றுக்கும் காம்பு கேட்டேன்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து பெரிய மீன் வர ஆரம்பித்த வாரம் அது. நொச்சிக்குப்பத்தில் என் கடையில் வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். உடம்பில் இரத்தம் பாதிதான் இருக்கிறது, வயிற்றுக்குள் எங்கேயோ கசிகிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

சபையாரே, என்னை உங்களுக்குத் தெரியும். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. மந்தைவெளியிலிருந்து அடையாறு வரை கூடை சுமந்து கூவி விற்றவள், இன்று சொந்தமாக இரண்டு படகு வைத்திருக்கிறேன். தேனாம்பேட்டை ஓட்டல்காரர்கள் என் வார்த்தையை நம்பித்தான் மீன் எடுப்பார்கள். எந்த மீனின் வயிற்றைக் கிழித்தாலும் அது கடைசியாக எதைத் தின்றது என்று சொல்வேன். என் வயிற்றுக்குள் இருப்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அங்கே தொண்டைக்கு மருந்தடித்து, கேமரா வைத்த குழாயை வாய்வழியே விட்டார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்களாம். நான் திரையையே பார்த்தேன். உள்ளே செவுள் மாதிரி சிவப்பாக, ஈரமாக இருந்தது. அதில் மூன்று கட்டிகள். அபூர்வமான வகை என்றார் டாக்டர். அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை. விட்டுவைத்தால் புற்றாகலாம். காம்பு இருந்தால் கம்பிச் சுருக்குப் போட்டு வாய்வழியே எடுத்துவிடலாம், ஒட்டிப் படர்ந்திருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம் என்றார். இரத்தம் மூடியிருந்ததால் அன்று எது எப்படி என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கஞ்சி இறங்கவில்லை. வயிறு கிழிந்த மீன் திரும்ப நீந்தி நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் வாய்விட்டே கேட்டேன்: "ஆண்டவரே, மூணுக்கும் காம்பு வோணும்."

பக்கத்திலிருந்த எஸ்தருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னாக்கா, கத்திரிக்கா வாங்கறாப்ல கேட்டுக்கினு கீறே?"

"ஏலத்துல பொத்தாம்பொதுவா கேட்டா நெத்திலிகூட கெடைக்காதுடி. இன்னது வோணும்னு கேக்கணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். பிறகு சபை முழுவதும் காம்புக்காக ஜெபித்தது.

கட்டிகளை எடுக்கும் நாள் வந்தது. எல்லாம் காம்போடுதான் இருக்கும், தைரியமாகச் செய்யுங்கள் என்று டாக்டருக்கே நான் தைரியம் சொன்னேன். மயக்கம் கொடுத்தார்கள்.

கண் விழித்ததும் டாக்டர் படங்களைக் காட்டினார். இரண்டுக்குக் காம்பு இருந்தது. மூன்றாவது, பாறையில் ஒட்டிய சிப்பி மாதிரி கிடந்தது.

"அப்போ இதுக்கு வயித்தக் கிழிக்கணுமா சார்?"

"வேணாம்மா. அதுக்கு அடியில ஊசியால உப்புத் தண்ணி ஏத்தினேன். கொப்புளம் மாதிரி மேல தூக்கிக்கிச்சு. சுருக்குப் போட்டு எடுத்துட்டேன்."

கட்டிகளைப் போட்டு வைத்திருந்த புட்டியைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்னைச் சாய்த்தவை நெத்திலித் தலை அளவுதான் இருந்தன. பரிசோதனையில் புற்று இல்லை என்று வந்தது.

சபையாரே, உப்புத் தண்ணீரில் பிழைத்தவள் நான். அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. காம்பு இல்லாவிட்டால் ஆண்டவருக்கே வழியில்லை என்று நினைத்துவிட்டேன். இப்போதும் வேண்டியதைப் பெயர் சொல்லித்தான் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். எந்த வழியில் தருவார் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். அடுத்த வருடம் மறுபடியும் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். அன்றும் நான் கண்ணை மூட மாட்டேன். அவர் கை வைத்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.