யாரும் தொடாத பதினாறு பைட்

நன்றாக ஓடும் கணினி நிரலைத் திறந்து அழகுபடுத்துவது என் தொழில். அது ஏன் நன்றாக ஓடியது என்பது கெடுத்த பிறகுதான் தெரியும். இதே பிழைப்பில் அடிபட்டவர்கள் தலையாட்டுவீர்கள். மற்றவர்களுக்கு ஒன்று மட்டும். கணினியில் எல்லா நிரல்களுக்கும் அடியில் கெர்னல் இருக்கிறது. நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம் என்று அதுதான் பிரித்துக் கொடுக்கும். இடத்துக்கு அளவு பைட், ஒரு பைட்டில் ஓர் இலக்கம் உட்காரும். அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினேன். அவ்வளவுதான்.

காரணம் சொல்லாத உத்தரவு

மலேசியாவில் பத்து பாகாட் என்ற ஊரில் துணிக்கடை மாடியில் அலுவலகம். நானும் கஸ்தூரியும். கம்பெனி அவளுடையது, வயதில் என் மகள் மாதிரி. செம்பனை எண்ணெய் ஆலைகளில் லோரியை எடை போடும் மேடைக்கு, எடையைக் காட்டும் ஒரு பெட்டி செய்கிறோம். அதற்குள் ஓடுவது எங்கள் கெர்னல்.

அதில் இடம் பிரிக்கும் பகுதி பலர் கை பட்டது. ஒரே வேலையை மூன்று இடத்தில் மூன்று விதமாகச் செய்தது. ஒன்றாக்கினேன். நடுவில் ஒரு வரி, இடம் கேட்ட நிரலுக்கெல்லாம் கேட்டதைவிடப் பதினாறு பைட் கூடக் கொடுத்தது. மேலே மலாயில் 'ஜாங்கான் உசிக்', அதாவது தொடாதே. ஏன் என்று இல்லை. யார் எழுதியது என்றும் இல்லை. தேடினேன், அந்தப் பதினாறை எந்த நிரலும் கேட்டதாகத் தெரியவில்லை. எடுத்துவிட்டேன். சோதனைக்கு லோரியை மாடியில் ஏற்ற முடியாது. சின்னத் தராசில் நானே ஏறி நின்றேன். சரியாகக் காட்டியது. கஸ்தூரி திரையை எட்டிப் பார்த்தாள்.

"தொடாதேன்னு போட்டிருக்கே அங்கிள். போட்டவன் என்ன பைத்தியமா?"

காலையில் நல்ல பிள்ளை

யோங் பெங் தாண்டி ஓர் ஆலை. எங்களுக்குச் சோறு போடுவதே அதுதான். புதுப் பெட்டி வைத்த வாரமே போன் வந்தது. காலையில் ஒழுங்காக இருக்கிறதாம், மதியமானால் உறைந்துவிடுகிறதாம். போய்ப் பார்த்தால் வாசலுக்கு வெளியே வரை லோரி. லோரியில் செம்பனைக் குலை காத்துக் கிடந்தால் எண்ணெய் கெடும். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டாராம் ஆலை மேனேஜர். கழற்றினால் கஸ்தூரி கம்பெனியை மூட வேண்டியதுதான். எடை மேடையைப் பார்த்துக்கொள்ளும் முனியாண்டி பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார்.

"பழசு அழுக்கா இருந்துச்சு, ஆனா வேலை செஞ்சுச்சு லா அண்ணே."

மதியத்தில் என்ன இருக்கிறது

சூடோ என்று பார்த்தேன். இல்லை. மின்சாரமோ என்று பார்த்தேன். இல்லை. நாற்காலியைப் போட்டு மேடை பக்கத்திலேயே உட்கார்ந்தேன். காலையில் சிறு தோட்டக்காரர்களின் சின்ன லோரி. மதியம் எஸ்டேட்டின் பெரிய டிரெய்லர். டிரெய்லர் ஏறிய கொஞ்ச நேரத்தில் பெட்டி படுத்தது. மறுபடி ஓடவிட்டேன். அடுத்த டிரெய்லர் ஏறியதும் மறுபடி படுத்தது.

பிடிபட்டது. சின்ன லோரிக்கு எடை கிலோவில் நாலு இலக்கம், டிரெய்லருக்கு ஐந்து. எடையை வாங்கி வைக்கும் நிரல் நாலு இலக்கத்துக்குத்தான் இடம் கேட்டிருந்தது. ஐந்தாவது இத்தனை காலம் அந்தக் கூடுதல் பதினாறில் போய் விழுந்தது, யாருக்கும் வலிக்கவில்லை. இப்போது பக்கத்து நிரலின் இடத்தில் விழுந்து பெட்டியை உறையவைக்கிறது. சோதனையில் ஏறி நின்ற எனக்கு இரண்டே இலக்கம். கஸ்தூரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் தன் வீட்டுச் சமையலறையை உதாரணம் காட்டினாள்.

"எங்க வரிசை வீட்டுல எல்லாரும் பின்சந்து சும்மா கெடக்குன்னு குசினிய நீட்டிக் கட்டியிருக்கோம். நீங்க அந்தச் சந்துலயே வீடு கட்டிட்டீங்க அங்கிள்."

வெள்ளிக்கிழமை

எடை நிரலைச் சரியான இடம் கேட்கவைத்தேன். அது போதும் என்றேன். இன்னும் யார் யார் குசினியை நீட்டியிருக்கிறார்களோ, பதினாறையும் திருப்பி வையுங்கள் என்று கஸ்தூரி பிடிவாதம் பிடித்தாள். வைத்தேன். வெள்ளி மதியம் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின. பெட்டி அசையவில்லை. அவர் உள்ளே போனார். கழற்றச் சொல்லவில்லை, அது போதும். என்னதான் கோளாறு என்று முனியாண்டி கேட்டார், சொன்னேன்.

"அலாமாக், ஒரு நம்பர் ஒக்கார எடமில்லாமயா இத்தன லோரி நின்னுச்சு."

இப்போது 'தொடாதே'க்குக் கீழே காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்து வருகிறவன் அதையும் நம்பமாட்டான்.