இல்லை என்று சொல்லும் வேகம்

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் அடையாள அட்டையை நீட்டினேன். எண்ணைத் தட்டிய விரல் மேலே எழுவதற்குள் கவுண்டர் பெண் சொல்லிவிட்டாள்: "ரெக்கார்டு இல்ல அங்கிள்." வருடக்கணக்காகப் போகும் கிளினிக். மருந்து வாடையையும் மீறி எனக்கு டீசல் மணத்தது.

கிள்ளானில் ஒரு கொள்கலன் கிடங்குக்கு நிரல் எழுதுவதுதான் என் முதல் வேலை. லோரி டிரைவர் கொள்கலன் எண்ணைச் சொன்னால், கணினி அட்டவணையின் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். அதற்குள் டிரைவர்கள் இறங்கி வாசல் கடையில் தே தாரேக் டீ குடித்துவிடுவார்கள். எங்களை ஏசுவதும் அப்போதுதான். "படிச்சவங்க எழுதின புரோகிராம், நத்தைக்கே கொட்டாவி வரும் லா" என்பார் கேரி தீவிலிருந்து வரும் ராஜன் அண்ணன்.

உடன் வேலை செய்த செல்வி வேறு முறை எழுதினாள். அட்டவணையை நடுவில் திறந்து, தேடும் எண் முன்னாலா பின்னாலா என்று பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிடும். மறுபடி நடு, மறுபடி பாதி. இரண்டு முறைகளையும் ஓட்டிப் பார்த்தோம். கையில் கடிகாரத்தோடு நான்; பந்தய நடுவர் என்ற நினைப்பு. பழையது முனகிக்கொண்டிருக்க, புதியது நான் கடிகாரப் பொத்தானை அழுத்துவதற்குள் முடிந்திருந்தது. மேனேஜர் கைதட்டி, அன்றே அதை வாசல் கணினியில் போடச் சொன்னார்.

எண்கள் ஏறுவரிசையில் இருந்தால்தான் அந்த முறை சரிப்படும். எங்கள் சோதனைத் தரவு அப்படித்தான் இருந்தது. கிடங்கிலோ புதிய எண்கள் வரிசை பாராமல், வந்த கையோடு அட்டவணையின் அடியில் ஒட்டிக்கொண்டன.

மறுநாள் காலை வாசலில் கூச்சல். ஓடினேன்.

"சிஸ்டம் இல்லங்குது அண்ணே. அது சொல்லாம கேட் திறக்காது" என்றார் காவலாளி மணியம்.

"யோவ், அங்க பாரு! கண்ணு முன்னாடி நிக்குது லா!" என்றார் ராஜன் அண்ணன்.

வேலிக்கு அப்பால் நீலக் கொள்கலன். வெள்ளை எழுத்தில் அதே எண். மணியம் எட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். கண் சிமிட்டுவதற்குள், இல்லை.

என் பக்கம் திரும்பிய அண்ணனின் குரல் இறங்கியது. "இன்னொரு தடவ வெறும் லோரியோட வந்தா வேலைக்கு வராதேன்னு லோரி முதலாளி தவுக்கே சொல்லிட்டான், தம்பி."

பழைய முறையைத் திரும்பப் போடலாம் என்றேன்; நத்தை எப்படியும் கண்டுபிடித்துவிடும். மேனேஜர் ஒப்பவில்லை. செல்வி நிரலைத் திருத்தி முடித்தபோது மதியம். பின்னால் நின்ற லோரிகளுக்கு வழிவிட, அண்ணனை எப்போதோ திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

நீலக் கொள்கலனை அடுத்த நாள் அதே லோரி ஏற்றிப் போனது. ஓட்டியவர் வேறு ஆள்.

பிறகு செல்வி இன்னும் வேகமான முறை எழுதினாள். எண்ணைக் கொண்டே அது இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு நேராகப் போய் நிற்கும். அண்மையில் அந்த வழியாகப் போனேன். தே தாரேக் கடை இல்லை. காவலாளி கூண்டும் இல்லை. கேமரா எண்ணைப் படிக்கிறது, தடுப்புக் கம்பி தானாக உயர்கிறது. உயராவிட்டால், "அங்க பாரு" என்று சொல்ல எதிரே ஒரு முகமும் இல்லை.